கீமோ முடிந்த பிள்ளையின் ஹார்மோன் கணக்கு: பழைய ஃபைலில் இருந்து தொடங்குவது எப்படி

சிகிச்சை முடிந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். முடி முளைத்துவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, கோயில் கொடைக்கும் சவேரியார் திருவிழாவுக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஓடுகிறது. திருவனந்தபுரத்திலோ நெய்யூரிலோ வேலூரிலோ தந்த ஃபைல், ஸ்கேன் படங்களோடு ஒரு துணிப்பையில் அலமாரிக்கு மேல் கிடக்கிறது. அந்தப் பையைக் கீழே இறக்குவதுதான் முதல் வேலை.

சின்ன வயதில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று மீண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு ஹார்மோன் குறை வருகிறது. நோய் திரும்பிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்தும் கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) சுரப்பிகளின் மேல் விட்டுப்போன தடம் இது. சில குறைகள் ஓரிரு வருடத்தில் தெரியும், சில இருபது வருடம் கழித்துத் தலைகாட்டும். எது வரும், எப்போது வரும் என்பதை நோயின் பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, உடம்பில் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கரண்டு, அப்போது என்ன வயது என்ற கணக்கு வேண்டும். "பிளட் கேன்சர் இருந்தது, சரியாயிட்டு" என்று மட்டும் புது டாக்டரிடம் சொன்னால், எந்தப் பரிசோதனை எழுதுவது என்று அவருக்கே தெரியாது.

ஃபைலில் எடுக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கடைசியில் தந்த சிகிச்சை நிறைவுச் சுருக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்:

- நோயின் முழுப் பெயர், கண்டுபிடித்த தேதி, கடைசி மருந்து கொடுத்த தேதி, அந்தந்தத் தேதியில் பிள்ளையின் வயது.
- சைக்ளோஃபாஸ்ஃபமைட், ஐஃபாஸ்ஃபமைட், புரோகார்பசின், புசல்ஃபான், மெல்ஃபலான் ஆகியவற்றில் கொடுத்தவை எவை, ஒவ்வொன்றும் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு மொத்தம் எத்தனை கிராம்.
- டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் மொத்த அளவு. இவை இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் இது இதயக் கணக்கு. ஆனால் பெண்பிள்ளைக்குப் பின்னாளில் பிரசவ நேரத்தில் தேவைப்படும்.
- கரண்டு வைத்த இடம், மொத்த கிரே, எத்தனை தவணை.
- பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளை எவ்வளவு காலம் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள்.
- தலை, தைராய்டு, விதைப்பை, சூலகம் ஆகிய இடங்களில் நடந்த அறுவை.
- மஜ்ஜை மாற்று நடந்திருந்தால், அதற்கு முன் உடல் முழுக்கக் கரண்டு வைத்தார்களா என்பது.

கரண்டின் அளவு பல தாள்களில் 1800 சென்டிகிரே என்று இருக்கும். 100 சென்டிகிரே சேர்ந்தது 1 கிரே, ஆக அது 18 கிரே. மணவாளக்குறிச்சிக் கரையோரத்தில் இருப்பவர்கள் சிலர் கருமணல் கதிர்வீச்சையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். மணலில் உள்ள மோனசைட்டின் தோரியம் தருவது வருடத்துக்கு மில்லிகிரே கணக்கு. ஆயிரம் மில்லிகிரே சேர்ந்தால்தான் ஒரு கிரே. தலைக்கு 18 கிரே வாங்கிய பிள்ளைக்குப் பிட்யூட்டரி (மற்றச் சுரப்பிகளுக்குக் கட்டளை தரும், மூளையின் அடியிலுள்ள சுரப்பி) சுரப்பு குறைந்தால், வீட்டு முற்றத்து மணலைப் பழி சொல்ல வேண்டாம்.

ஃபைல் தொலைந்திருந்தால், சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஓ.பி. எண்ணோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எண் மறந்துபோனால் பெயர், பிறந்த தேதி, சேர்த்த வருடம் போதும். கரண்டு விவரத்தைக் கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் தனியாகக் கேளுங்கள். பொதுச் சம்மரியில் "கரண்டு தரப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கும், கிரே இருக்காது.

இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு மருந்துகளை ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்குச் சமமாக்குவது முறை. ஐஃபாஸ்ஃபமைட் என்றால் 0.244 ஆல் பெருக்குங்கள், புரோகார்பசின் 0.857, புசல்ஃபான் 8.823, மெல்ஃபலான் 40. உதாரணமாக, சதுர மீட்டருக்கு 3 கிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் 18 கிராம் ஐஃபாஸ்ஃபமைடும் வாங்கிய பையனுக்கு 3 + (18 × 0.244) = ஏறத்தாழ 7.4 கிராம். பையன்களுக்கு 4 கிராமுக்கு மேல் போனால் விந்தணு இல்லாமல் போகும் வாய்ப்பு கணிசமாக ஏறும். பெண்பிள்ளைகளின் சூலகம் இன்னும் கொஞ்சம் தாங்கும், 8 கிராமுக்கு மேல் கவனம் கூட வேண்டும். பருவம் வந்த பிறகு மருந்து வாங்கிய பெண்ணுக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே பாதிப்பு வரலாம். பெரும்பாலான ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைகளில் கூட்டுத்தொகை 4-க்குக் கீழேதான் நிற்கும். அந்தப் பெற்றோருக்கு இது நிம்மதி தரும் எண்.

எத்தனை கிரேக்கு எந்தச் சுரப்பி

தலைக்கு வைத்த கரண்டில் முதலில் அடிபடுவது வளர்ச்சி ஹார்மோன். 18 கிரே எட்டினாலே அது குறையும் சாத்தியம் உண்டு. அதே 18 கிரே, பருவத்தை வயதுக்கு முன்பே தட்டி எழுப்பவும் செய்யும். 30 கிரேக்கு மேல் போனால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், கார்ட்டிசாலைத் (நோய் வரும்போது உடம்பைத் தாங்கும் அட்ரீனல் சுரப்பு) தூண்டும் ஹார்மோன், பருவத்துக்கான ஹார்மோன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையலாம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிக்கு வழக்கமான முறையில் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்து 23.4 கிரே கொடுத்து, கட்டி இருந்த இடத்தை 54 கிரே வரை கொண்டுபோவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன அத்தனையையும் எதிர்பார்த்தே கண்காணிக்க வேண்டும். இந்த முறையில் முதுகெலும்பும் கரண்டு வாங்குவதால் உடல் பகுதி குட்டையாகி, கைகால் நீளமாகத் தெரியும். வளர்ச்சி ஊசி போட்டாலும் முதுகு முழுசாக ஈடுகட்டாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் குறையும்.

கழுத்துக்கு வைத்திருந்தால் தைராய்டு. வயிற்றுக்கோ உடல் முழுக்கவோ வைத்திருந்தால் சர்க்கரை. இடுப்புப் பகுதி என்றால் சூலகமும் கர்ப்பப்பையும். விதைப்பையில் விந்தணு உண்டாக்கும் செல்கள் 2, 3 கிரேக்கே சேதமாகிவிடும். ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் 20 கிரே வரை தாக்குப்பிடிக்கும். இந்த வித்தியாசத்தால் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர், கீழே வருகிறது.

உயரம் அளப்பது

வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை. செலவும் இல்லை. கவனமில்லாமல் அளந்தால் உபயோகமும் இல்லை.

கீழே பட்டை இல்லாத நேர்ச்சுவரும் சமதரையும் வேண்டும். செருப்பைக் கழற்றி, பெண்பிள்ளையானால் சடையையும் கொண்டையையும் அவிழ்த்து, குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். கண் நேரே பார்க்கட்டும், தாடை மேலே தூக்கக் கூடாது. கெட்டி அட்டையுள்ள பெரிய புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக அழுத்தி உச்சந்தலை வரை இறக்கி, அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிள்ளையை நகர்த்திவிட்டு மறுபடி நிறுத்தி இன்னும் இரண்டு முறை எடுங்கள். மூன்றின் சராசரியை மில்லிமீட்டர் வரை எழுதுங்கள். தையல்காரர் டேப் நாள்பட நீண்டுவிடும், இரும்பு டேப்பில் அளங்கள். காலையும் மாலையும் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும். எப்போதும் காலையிலேயே அளங்கள்.

தலைக்கோ முதுகுக்கோ கரண்டு வாங்கிய பிள்ளைக்கு உட்கார்ந்த உயரமும் வேண்டும். ஒரு ஸ்டூலைச் சுவரோடு போட்டு உட்கார வைத்து, தரையிலிருந்து உச்சி வரை அளந்து, ஸ்டூலின் உயரத்தைக் கழித்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளக்கலாம். ஆனால் முடிவுக்கு வர இரண்டு அளவுகளுக்கு இடையில் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். நாலு வயதுக்கு மேல், பருவம் தொடங்கும் வரை, பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். 4-க்கும் கீழே போனால் அளவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 4-க்கும் 5-க்கும் இடையில் தொடர்ந்து நின்றாலும் கேளுங்கள். கீமோ நடக்கும்போது வளர்ச்சி மந்தமாவது வழக்கம். முடிந்த பிறகு அதைப் பிள்ளை ஈடுகட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்தும் ஈடுகட்டவில்லை என்றால் அது வெறும் "சோர்வு" இல்லை.

குடும்ப உயரக் கணக்கும் போட்டுவையுங்கள். அப்பா 168, அம்மா 154 என்றால் பையனுக்கு (168 + 154 + 13) ÷ 2 = 167.5 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 13-ஐக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும், 154.5 வரும். இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இந்தப் புள்ளியைக் குறித்து, பிள்ளையின் கோடு அதை நோக்கிப் போகிறதா என்று பார்க்கலாம். வரைபடம் டாக்டரிடம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பிரதியைக் கொண்டுபோங்கள்.

ஏமாற்றும் வளர்ச்சி

தலைக்குக் கரண்டு வாங்கிய ஏழு வயதுப் பெண்ணுக்கு உயரம் திடீரென்று ஏறுகிறது. அக்கம்பக்கத்தார் "நல்லா வளருதே" என்பார்கள். மார்பில் சின்ன முடிச்சும் தென்படும். இது பருவம் முன்கூட்டியே வந்ததன் வளர்ச்சி. வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருப்பதைப் பருவ ஹார்மோன் மூடிமறைக்கிறது. எலும்பு முனைகள் அதே வேகத்தில் அடைத்துக்கொண்டு வரும். பதினொரு வயதில் வளர்ச்சி நின்றுபோகும், உயரம் 140-ஐக்கூடத் தொடாமல் போகலாம். அப்போது எந்த ஊசிக்கும் வேலை இல்லை.

அதனால் வயது எல்லைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால், பையனுக்கு 9 வயதுக்கு முன் விதைப்பை பெரிதானால் அது அதிசீக்கிரம். பெண்ணுக்கு 13 ஆகியும் மார்பு வளராவிட்டால், 15 ஆகியும் வயதுக்கு வராவிட்டால், பையனுக்கு 14 ஆகியும் விதைப்பை வளராவிட்டால் தாமதம். இரண்டிலும் டாக்டர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். சீக்கிரம் வந்த பருவத்தை மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போட்டு நிறுத்திவைக்க முடியும். தாமதமானால் மிகச் சிறிய அளவில் ஹார்மோன் தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். அவசரப்பட்டு முதலிலேயே பெரிய அளவு கொடுத்தால் எலும்பு முனை அடைத்து உயரம் நின்றுவிடும்.

பையன்களிடம் இன்னொரு சிக்கல். விந்தணுச் செல்கள் அழிந்து, ஆண் ஹார்மோன் செல்கள் பிழைத்திருந்தால், மீசை முளைக்கும், குரல் உடையும், உடம்பு இறுகும், விதைப்பை மட்டும் சிறிதாகவே இருக்கும். விதைப்பையின் அளவை மட்டும் வைத்துப் பருவம் தொடங்கவில்லை என்று டாக்டர் முடிவு செய்தாலும் தவறு, மீசையைப் பார்த்துக் குழந்தைப்பேறு உறுதி என்று வீட்டார் நினைத்தாலும் தவறு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான் (ஆண் ஹார்மோன்), அதையும் விந்தணுவையும் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். மூன்றும் பார்த்தால்தான் தெளிவு வரும்.

தைராய்டு: டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது

கழுத்துக்குக் கரண்டு வாங்கியவர்களுக்குத் தைராய்டே பழுதாகிறது. அப்போது டி.எஸ்.எச். (பிட்யூட்டரியிலிருந்து வந்து தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறும், எந்த லேபிலும் பிடிபட்டுவிடும். தலைக்கு வாங்கியவர்களுக்கோ கட்டளை தரும் பிட்யூட்டரிதான் சோர்கிறது. அங்கே டி.எஸ்.எச். சாதாரண அளவாகவே வரும், ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மட்டும் தாழும். "டி.எஸ்.எச். நார்மல்" என்று லேப் தாளைப் பார்த்து அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. பிள்ளைக்கு எப்பளும் ஒறக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, பாடத்தில் மந்தம், வளர்ச்சி நின்றது என்று இருந்தால், டி.எஸ்.எச். நார்மல் என்ற தாள் தலைக்குக் கரண்டு வாங்கிய பிள்ளைக்கு எதையும் நிரூபிக்காது. வருடம் ஒரு முறை இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது முடிவைத் திரித்துவிடும்.

தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை தொடங்குவதற்கு முன் காலைக் கார்ட்டிசால் பார்த்தாகிவிட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். கார்ட்டிசால் குறைவாக இருக்கும் உடம்பில் தைராக்ஸினை ஏற்றினால் இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி, மயக்கம் வரை போகும். ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் பிறகு.

மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, கட்டன் சாயாவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. மரச்சீனிக் கிழங்கைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வேகவைத்து வெந்நீரை வடித்துவிட்டு, மீன்கறியோடு அளவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. பாதி வெந்த கிழங்கு, தினமும் மூன்று வேளை கிழங்கு, அயோடின் இல்லாத உப்பு எல்லாம் சேர்ந்தால்தான் கேடு.

கழுத்து கரண்டின் வழியில் இருந்தவர்களுக்குத் தைராய்டில் கட்டியும் பின்னாளில் வரலாம். வருடம் ஒரு முறை டாக்டர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு வாய் தண்ணீர் விழுங்கும்போது, கழுத்தில் மேலும் கீழும் போகும் முடிச்சு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அல்ட்ராசவுண்ட், தேவையானால் ஊசிப் பரிசோதனை. காலத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகும்.

கார்ட்டிசால்: இதில் மட்டும் தாமதம் கூடாது

மற்றக் குறைகள் வருடக்கணக்கில் நகரும். இது ஒரு காய்ச்சலில் உயிரை எடுத்துவிடும். இரண்டு வழியில் வரும். ஒன்று, தலைக்கு 30 கிரேக்கு மேல் வாங்கிப் பத்து வருடத்துக்குள் கூட வரலாம். இன்னொன்று, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டை நிறுத்திய பின் அட்ரீனல் சுரப்பி சில வாரம் முதல் சில மாதம் வரை தூங்கிக்கிடப்பது. அந்தச் சமயத்தில் காய்ச்சலோடு வாந்தியும் தளர்ச்சியும் வந்தால் வீட்டில் கஞ்சி கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பரிசோதனை காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் நடக்க வேண்டும். கார்ட்டிசால் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, ரத்தம் எடுக்கும்போது பதினொரு மணி ஆகிவிடும். இயல்பான பிள்ளைக்குக்கூட எண் தாழ்ந்துதான் வரும். முந்தின வாரமே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள லேபில் 8 மணிக்கு எடுத்துத் தாளைக் கொண்டுபோவது சுலபம். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி, 18-க்கு மேல் என்றால் போதும், நடுவில் என்றால் அட்ரீனலைத் தூண்டும் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும் பரிசோதனை வேண்டும்.

உறுதியானால் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, காலை வேளை அதிகம். எழுந்ததும் முதல் வேளை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால், அந்த மூன்று மணிதான் அவர்களுக்குக் காலை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தாண்டினால் அன்றைய அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும், காய்ச்சல் விட்டு ஒரு நாள் வரை. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி: மூன்று வயதுக்குள் 25 மில்லிகிராம், மூன்று முதல் பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100. தசையில் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் டாக்டர் எழுதித் தந்த அளவு இதிலிருந்து மாறினால் அவர் சொன்னதே செல்லும். வீட்டில் இரண்டு பேராவது ஊசி போடப் பழகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழகியிருந்தால், அவர் வேலைக்குப் போன அன்றுதான் தேவை வரும்.

பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருங்கள்: "எனக்குக் கார்ட்டிசால் சுரப்பதில்லை. மயக்கம், வாந்தி, விபத்து, அறுவை என்றால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, சலைன், சர்க்கரைப் பரிசோதனை." தமிழோடு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். குமரிக்காரர்கள் பாதி நேரம் எல்லைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில்தான் நிற்கிறார்கள். தூத்தூர் பக்கத்துப் பையன் வளர்ந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போவதானால், மாத்திரை இரட்டிப்பு இருப்பு, ஊசி மருந்து, அதைப் போடத் தெரிந்த ஒரு கூட்டாளி, மூன்றும் படகில் இருக்க வேண்டும். கடலில் வாந்தி சகஜம் என்று அவர்கள் அசட்டையாக விடுவதுதான் பயம்.

வளர்ச்சி ஊசி

குறைபாடு உறுதியானால், நோய் இல்லாமல் ஒரு வருடமாவது ஆன பின் தொடங்குவது வழக்கம். நோய் திரும்ப இது காரணமாகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தொடங்கும் முடிவு புற்றுநோய் டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனை தலைக்குக் கரண்டு வாங்கியவர்களிடம் நார்மலாக வந்து ஏமாற்றும், அதை மட்டும் நம்பி "குறை இல்லை" என்று விட முடியாது.

தினமும் இரவு தூங்கும் முன் தோலுக்கடியில் ஊசி. நாளுக்கு கிலோவுக்கு 0.025 முதல் 0.035 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. தொடை, வயிறு, பிட்டம் என்று இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு குழிந்து மருந்து ஒழுங்காகச் சேராது. கடுமையான தலைவலியும் வாந்தியும், அல்லது இடுப்பு, முட்டு வலியோடு நொண்டுதல் வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், குளிர்ப்பெட்டிக்கு அடியிலும் கதவிலும் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளுக்குத் தெர்மாகோல் பெட்டி ஒன்று வைத்திருங்கள். மீன் ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டி, துண்டில் சுற்றி, மருந்துக்கும் ஐஸுக்கும் நடுவில் இரண்டு மடிப்புத் துணி இருக்கும்படி அடுக்குங்கள். நேரடியாக ஐஸில் பட்டு உறைந்த மருந்து பிறகு தெளிந்து தெரிந்தாலும் பயன்படாது, வீசிவிட வேண்டும். விலை அதிகம் என்பதால் அதை உபயோகிக்க மனம் வரும், கூடாது.

கல்யாணம், குழந்தை

மாதவிடாய் ஒழுங்காக வருவதால் மட்டும் சூலகம் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முட்டை இருப்பு குறைந்த பெண்ணுக்கு முப்பது வயதுவாக்கிலேயே நின்றுவிடலாம். அதனால் பதினெட்டு ஆனதும் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், எந்த நாளிலும் எடுக்கலாம். எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன்) என்றால் மாதவிடாயின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள். இந்த முடிவை வைத்துப் பெண்ணுக்கு அவசரக் கல்யாணம் பேசத் தொடங்கும் வீடுகள் உண்டு. அந்தத் தாள் பெண்ணுக்குரியது, முட்டை உறைய வைப்பதா, காத்திருப்பதா என்று அவள் டாக்டரோடு பேசட்டும். இடுப்புக்குக் கரண்டு வாங்கிய பெண்ணுக்குக் கர்ப்பப்பை முழுசாக விரியாமல் குறைமாதப் பிரசவம் ஆகலாம். டாக்ஸோரூபிசின் வாங்கியவள் கர்ப்பத்துக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். தைராக்ஸின் சாப்பிடுகிறவள் நாள் தள்ளியதும் சொல்ல வேண்டும், கர்ப்பத்தில் அளவு ஏறும்.

பையனுக்குப் பதினெட்டுக்கு மேல் விந்துப் பரிசோதனை. ஒரு தடவை பூஜ்யம் வந்ததோடு முடிவு கட்டக் கூடாது. சிலருக்கு வருடங்கள் கழித்து அணுக்கள் திரும்புகின்றன. அதே காரணத்தால் "எனக்குத்தான் இல்லையே" என்று கருத்தடையை விடுவதும் ஆபத்து.

மீதி

எலும்பு: டெக்சாமெத்தசோன் நிறைய வாங்கிய பிள்ளைக்கு இடுப்பிலோ முட்டிலோ வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுங்கள், இடுப்பு மூட்டின் தலைக்கு ரத்தம் போகாமல் சிதைந்திருக்கலாம். வைட்டமின் டி பார்த்து, குறைந்தால் ஈடுகட்டுங்கள். நெத்திலியை முள்ளோடு, சாளை, கேழ்வரகு, வெயில், ஓட்டம் ஆகியவை போதுமான கூட்டு. சர்க்கரை: வயிற்றுக்கோ உடல் முழுக்கவோ கரண்டு வாங்கியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும். ஒல்லியாக இருந்தாலும் எடுக்க வேண்டும், இவர்களுக்கு உடம்பு பருக்காமலே சர்க்கரை வரும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பதில் உண்மையில்லை. பிட்யூட்டரி பக்கத்தில் வரும் கிரேனியோஃபரிஞ்சியோமா கட்டி எடுத்த பிள்ளைக்குப் பசி அடங்காமல் எடை ஏறினால், அது தின்னிப் பழக்கம் இல்லை, மூளையில் பசியை அடக்கும் பகுதி சேதமானது. திட்டுவதால் குறையாது.

பரிசோதனை நாள், ஃபைலின் பயணம்

வருடாந்திர நாளைப் பள்ளி விடுமுறையில் வையுங்கள். முந்தின வாரம்: காலை 8 மணி ரத்தம். அதில் கார்ட்டிசால், ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., டெஸ்டோஸ்டீரான் தேவையானால் அதுவும். அன்றைய தைராக்ஸின் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்கெனவே சாப்பிடுகிறவர், கார்ட்டிசால் பார்க்க வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. போகும் அன்று: ஒரு தாள் சுருக்கம், உயர நோட்டு, புது ரிப்போர்ட்டுகள், கேட்க வேண்டியவை எழுதிய சீட்டு. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டி, எதற்குத் திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருக்கட்டும், எந்தச் செலவு அதில் சேரும் என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்குங்கள்.

பதினெட்டு வயதானதும் குழந்தை நோய்ப் பிரிவு பிள்ளையை விட்டுவிடும். பெரியவர்கள் பிரிவில் யாருக்கும் அந்தக் கதை தெரியாது. பதினாறிலேயே ஃபைலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "எனக்கு என்ன கொடுத்தாங்க, எத்தனை கிரே, அடுத்து என்ன பாக்கணும்" என்பதை அவனே, அவளே டாக்டரிடம் சொல்லும்படி பழக்குங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவன், சுருக்கத் தாளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியை மின்னஞ்சலிலும் ஒன்றைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளட்டும். பழைய துணிப்பை மட்டும் ஊரிலேயே, அம்மாவின் அலமாரியில் இருக்கட்டும்.